ஆரம்ப சுகாதார ஆராய்ச்சியையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ள முடியுமா?

நிலா:

வணக்கம். மருத்துவப் படிப்பு முடித்து இப்போது பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். மேற்படிப்புக்கு எந்தத் துறை என்று முடிவு செய்ய வேண்டிய நேரம். கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் இதயம், கதிரியக்கம், தோல் என்று தெளிவாக இருக்கிறார்கள். எனக்கு மனசு போவது ஆரம்ப சுகாதாரத்தின் பக்கம். சிகிச்சை பார்ப்பதோடு நிற்காமல் ஆராய்ச்சியும் செய்ய வேண்டும், அது நான் வேலை பார்க்கும் இடத்தைத் தாண்டி மற்ற நாடுகளுக்கும் பயன்பட வேண்டும் என்பது ஆசை.

இதைச் சொன்னால் மூத்தவர்கள் சிலர், "அங்கே வருவது சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிபி மாத்திரை. இதில் ஆராய என்ன இருக்கிறது? ஆராய்ச்சி என்றால் பெரிய மருத்துவமனையோ ஆய்வகமோ வேண்டும்" என்கிறார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதனால் உதறித் தள்ளவும் முடியவில்லை.

ஆரம்ப சுகாதாரத்தை மேம்படுத்துவதையே ஆராய்ச்சியாக வைத்து வாழ்நாள் முழுக்க உழைத்தவர்கள் உண்டா? தினமும் உண்மையில் என்ன வேலை செய்தார்கள்? ஓரிடத்தில் கண்டுபிடித்தது உலகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? விருது, பதவி விவரமெல்லாம் வேண்டாம், தேடினால் கிடைத்துவிடுகிறது. வேலை நடந்த விதம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடும்ப டாக்டர்:

உங்கள் மூத்தவர்கள் சொன்னதற்கு 1961இலேயே பதில் வந்துவிட்டது அம்மா. கெர் வைட் என்பவர் இரண்டு சகாக்களோடு சேர்ந்து நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அப்போதிருந்த கணக்குகளை எடுத்து, 1000 பெரியவர்களுக்கு ஒரு மாதத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். சுமார் 750 பேருக்கு உடம்புக்கு ஏதோ ஒன்று வருகிறது. 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள், 5 பேர் வேறொரு டாக்டரிடம் அனுப்பப்படுகிறார்கள், பல்கலைக்கழக மருத்துவமனை வரை போய்ச் சேர்வது ஒரே ஒருவர். நாம் படித்த பாடம், பார்த்த நோயாளிகள், மருத்துவ ஆராய்ச்சியில் பெரும்பங்கு எல்லாமே அந்த ஒருவரைச் சுற்றித்தான். 2001இல் வேறொரு குழு அதே இதழில் மறுபடி கணக்குப் போட்டது. நாற்பது வருடத்தில் மருத்துவம் எவ்வளவோ மாறியிருந்தும் இந்தப் படம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆராய என்ன இருக்கிறது என்று இனி யாராவது கேட்டால் மீதி 999 பேரைக் காட்டுங்கள்.

வாழ்நாள் முழுக்க என்று கேட்டதும் எனக்கு ஜூலியன் டியூடர் ஹார்ட் ஞாபகம்தான் வந்தது. தெற்கு வேல்ஸில் கிளின்காரக் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். 1961இல் அங்கே குடும்ப மருத்துவராகப் போனவர் ஏறக்குறைய 30 வருடம் அங்கேயே இருந்துவிட்டார். அதற்கு முன் ஆர்ச்சி காக்ரேனின் நோய்ப்பரவலியல் (மக்களிடையே நோய் எப்படிப் பரவியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் துறை) பிரிவில் வேலை பார்த்தவர். அதனால் எண்ணிப் பார்க்கிற பழக்கம் கையோடு வந்தது.

ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறிகுறி இல்லாத நோய், ஆகவே யாரும் அதற்காக டாக்டரிடம் வருவதில்லை, வரும்போது பக்கவாதத்தோடு வருகிறார்கள். அவர் செய்தது ரொம்ப எளிமையானது. இதுவரை பிபி பார்க்காதவர்களின் கோப்பில் ஓர் அடையாளம் வைத்தார். அந்த ஆள் விரல் வெட்டுப்பட்டு வந்தாலும் சரி, பிள்ளைக்கு மருந்து வாங்க வந்தாலும் சரி, வந்த வேலையோடு பிபியும் பார்த்து எழுதிவிடுவார்கள். சில வருடங்களில் ஏறக்குறைய ஊரே ஏதோ ஒரு காரணத்துக்காக வந்து போய்விடும், மிச்சமிருந்த சிலரை இவர்களே தேடிப் போனார்கள். இது 1970இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. தன்னிடம் பதிவான எல்லாப் பெரியவர்களுக்கும் ரத்த அழுத்தம் பார்த்த முதல் பொது மருத்துவர் என்று அவரைத்தான் சொல்வார்கள்.

அடுத்த வருடம், 1971இல், அதே இதழில் அவர் எழுதியதுதான் தலைகீழ்ப் பராமரிப்பு விதி. நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது, மருத்துவம் சந்தையின் கையில் எவ்வளவு விடப்படுகிறதோ அவ்வளவு இது கூர்மையாகிறது என்பதுதான் சாரம். உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை, ஒரு சின்னக் கிராமத்து டாக்டர் எழுதியது. நடந்த ஒவ்வொரு மரணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு இதில் நாங்கள் செய்யத் தவறியது ஏதாவது உண்டா என்று கேட்கும் வழக்கத்தையும் விடாமல் வைத்திருந்தார். 25 வருடத் தரவை 1991இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டபோது, இப்படித் தேடிப் பார்க்கும் முறை இல்லாத பக்கத்துக் கிராமத்தை விட இங்கே 65 வயதுக்கு முந்தைய சாவுகள் குறைவாக இருந்தன. ஒரே ஒரு கிராமம், சின்ன எண்ணிக்கை, ஆகவே இதை வைத்து அளவுக்கு மீறி வாதாடக் கூடாது. ஆனால் 25 வருடம் ஒரே மக்களோடு இருந்து எடுத்த கணக்கு வேறு எங்கே கிடைக்கும்?

தரவு மேசை:

டாக்டர் சார் சொன்னது அருமையான உதாரணம். ஆனால் நிலா, இதைப் படித்துவிட்டு ஒரு கிராமத்தில் 30 வருடம் உட்கார்ந்தால்தான் இந்த ஆராய்ச்சி முடியும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் துறையில் அரசாங்கங்களின் பேச்சையே மாற்றியவர் ஒருவர் பெரும்பாலும் மேசையில் தரவோடு உட்கார்ந்து வேலை செய்தவர்தான்: பார்பரா ஸ்டார்ஃபீல்ட். குழந்தை மருத்துவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு, 2011இல் இறக்கும் வரை வேலை செய்துகொண்டே இருந்தார். நான் சுகாதாரச் சேவை ஆய்வுக்கு வந்ததே அவருடைய கட்டுரைகளைப் படித்துத்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அவர் காலத்தில் ஆரம்ப சுகாதாரம் நல்லது என்று எல்லாரும் மேடையில் பேசினார்கள், ஆனால் அது எதுவென்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஸ்டார்ஃபீல்ட் அதை நான்கு குணங்களாகப் பிரித்தார். எந்தப் புதுப் பிரச்சினைக்கும் முதலில் போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். நோயை மட்டும் பார்க்காமல் அந்த ஆளைப் பல வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான தேவைகளை அங்கேயே முடித்துக் கொடுக்க வேண்டும். வேறிடத்துக்கு அனுப்பினால் அங்கே நடந்ததையும் சேர்த்து ஒருங்கிணைக்க வேண்டும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்த நான்கையும் அளக்க முடியும், அங்கேதான் விஷயம் இருக்கிறது. அவரும் லெயு ஷியும் மற்ற சகாக்களும் உருவாக்கிய கேள்வித்தாளை நோயாளியிடமே கொடுக்கலாம். மருத்துவமனை மூடியிருக்கும் நேரத்தில் உடம்பு முடியாமல் போனால் கூப்பிட ஓர் எண் இருக்கிறதா, ஒவ்வொரு முறையும் அதே டாக்டரைத்தான் பார்க்கிறீர்களா, உங்களை ஒரு மனிதராக அவருக்குத் தெரியுமா அல்லது உங்கள் வியாதி மட்டும்தான் தெரியுமா, இந்த மாதிரிக் கேள்விகள். இதைப் பல நாடுகள் தங்கள் மொழியில் மாற்றிச் சரிபார்த்துப் பயன்படுத்துகின்றன. பிரேசில் சுகாதார அமைச்சகம் 2010இல் இதற்கென்று ஒரு கையேடே வெளியிட்டது.

அப்புறம் நாடுகளை ஒப்பிட்டார். ஜேம்ஸ் மாசின்கோ, லெயு ஷி இருவரோடும் சேர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் 18 பணக்கார நாடுகள், 1970 முதல் 1998 வரை. ஆரம்ப சுகாதாரம் வலுவாக உள்ள நாடுகளில் அகால மரணம் குறைவு. தலா வருமானம், மக்கள்தொகைக்கு எத்தனை டாக்டர்கள், வயதானவர்கள் எவ்வளவு என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. நிதி அமைச்சகத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் காட்டக்கூடிய ஆதாரம் இப்படித்தான் உருவாயிற்று. அதுவரை நல்ல மனசுக்காரர்கள் பேசும் விஷயமாக இருந்தது பட்ஜெட் விவாதத்துக்குள் வந்தது.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஒரு நோய் மட்டும் உள்ள நோயாளி பாடப்புத்தகத்தில்தான் அதிகம், நிஜத்தில் சர்க்கரையும் மூட்டுவலியும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நோய் வாரியாக எண்ணாமல் ஆள் வாரியாக மொத்தச் சுமையை எண்ணும் ஒரு முறையையும் ஜொனாதன் வைனர் முதலானவர்களோடு சேர்ந்து உருவாக்கினார், பல நாடுகளில் அது புழக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கு எண்களோடு மல்லுக்கட்டப் பிடிக்குமென்றால் இந்தப் பக்கமும் வாருங்கள். இங்கே ஆள் பற்றாக்குறை உண்டு.

கிராமச் செவிலி:

டாக்டரம்மா, நான் நர்ஸ், வீடு வீடாகப் போகிற வேலைதான் வாழ்க்கை முழுக்க. மேலே சொன்ன இரண்டு பேரையும் மதிக்கிறேன். ஆனால் கணக்கெடுத்தது யார், கதவைத் தட்டியது யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுசாகும்.

1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி தென்னாப்பிரிக்காவில் நட்டால் பகுதியில் போலேலா என்ற இடத்தில் ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். ஜூலு மக்கள் வாழும் ஏழைப் பகுதி. அவர்கள் அந்தப் பகுதி ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து சுகாதார உதவியாளர்களாக வைத்துக்கொண்டார்கள். வீடுகளை வரைபடமாக வரைந்து, யார் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள் என்று குறித்தார்கள். ஊட்டக்குறைவுதான் பெரிய பிரச்சினை என்று தெரிந்ததும் வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் கை வைத்தார்கள். நோயாளியைப் பார்ப்பதும் ஊரைப் பார்ப்பதும் ஒரே குழுவின் வேலை என்ற எண்ணம் அங்கே நடைமுறையில் வந்தது. நிறவெறி அரசாங்கம் வந்த பிறகு அந்த வேலைக்கு ஆதரவு வற்றிப்போய், கடைசியில் கார்க் தம்பதி நாட்டை விட்டே போனார்கள், ஜெருசலேமில் மறுபடி தொடங்கினார்கள்.

நீங்கள் கேட்டீர்களே, உலகத்துக்கு எப்படிப் போனது என்று. ஜாக் கைகர் என்ற அமெரிக்க மாணவர் 1950களில் அங்கே போய்ச் சில மாதம் இருந்து கற்றுக்கொண்டார். பத்து வருடம் கழித்து பாஸ்டனிலும் மிசிசிப்பியிலும் அமெரிக்காவின் முதல் சமூக சுகாதார நிலையங்களைச் சகாக்களோடு தொடங்கினார். மிசிசிப்பியில் பசியோடு வந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவு எழுதிக் கொடுத்தார்கள், அந்தச் செலவை மருந்து பட்ஜெட்டில் காட்டினார்கள். பணம் கொடுத்தவர்கள் கேள்வி கேட்டதற்கு, எனக்குத் தெரிந்து ஊட்டக்குறைவுக்கு மருந்து சாப்பாடுதான் என்றார் கைகர்.

அப்புறம் கட்சிரோலி. அபய் பங், ராணி பங் இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொது சுகாதாரம் படித்துவிட்டு 1980களின் நடுவில் மகாராஷ்டிராவின் அந்த ஏழை மாவட்டத்துக்குத் திரும்பினார்கள். பச்சிளங்குழந்தை இறந்தால் விதி என்று விட்டுவிடும் நிலைமை. பிரசவம் பெரும்பாலும் வீட்டில், மருத்துவமனைக்கு அனுப்பினாலும் போக மாட்டார்கள். அப்படியென்றால் பராமரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். 39 கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறந்ததும் எடை பார்ப்பது, சூடு காப்பது, மூச்சுத் திணறினால் உதவுவது, ரத்தத்தில் கிருமித் தொற்று என்று அறிகுறி தெரிந்தால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவது வரை அவர்களே. அவ்வளவாகப் படிக்காத பெண்கள் ஊசி போடுவதா என்று எதிர்ப்பு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க 47 கிராமங்கள் வேறு. 1999 டிசம்பரில் லான்செட்டில் முடிவு வந்தது: மூன்றாம் வருடத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைவு. 2009இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பிறந்த குழந்தையை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கூட்டாக அறிக்கை விட்டன. 2011இல் இந்தியா ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர்கள் வழியாக நாடு முழுக்கக் கொண்டுவந்தது.

என் ஒரே வேண்டுகோள், ஆராய்ச்சிக்கு வந்தால் பதிவேடு எழுதுகிற பெண்களை முதல் நாளிலிருந்தே உட்கார வைத்துப் பேசுங்கள். எந்தக் கேள்விக்கு வீட்டில் உண்மையான பதில் வரும், எதற்கு வராது என்று அவர்களுக்குத் தெரியும். நாளுக்கு இத்தனை படிவம் என்று தலையில் கட்டினால் படிவம் நிரம்பும், உள்ளே இருப்பது உண்மையாக இருக்காது.

நிலா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. செவிலி அக்கா, கடைசிப் பத்தியைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டு சந்தேகம். கட்சிரோலியில் 62 சதவீதம் என்றால் மற்ற நாடுகளில் அதே முறையைச் செய்தபோது அதே பலன் வந்ததா? இரண்டாவது, உலக அளவில் என்று சொல்லும்போது கடைசியில் உலக சுகாதார நிறுவனத்தில் போய் உட்கார்ந்தால்தான் எதுவும் நடக்குமா?

கொள்கை வாசகன்:

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை, அதே அளவு வரவில்லை. பங்களாதேஷில் சில்ஹெட் பகுதியில் நடந்த ஆய்வு, 2008 லான்செட், 34 சதவீதம் குறைவு என்றது. அதுவே பெரிய விஷயம். கானாவில் அரசின் வழக்கமான தன்னார்வலர்களை வைத்துப் பெரிய அளவில் நடத்திய நியூஹின்ட்ஸ் ஆய்வில், 2013இல், 8 சதவீதம்தான், அதுவும் தற்செயலாக வந்திருக்கலாம் என்று சொல்லக்கூடிய அளவு. காரணம் பல இருக்கலாம். கட்சிரோலியில் தொடக்க இறப்பு விகிதம் ரொம்ப அதிகம், பயிற்சியும் மேற்பார்வையும் நெருக்கமானது, ஊசி சிகிச்சையே வீட்டுக்கு வந்தது. கானாவில் தன்னார்வலர் வீட்டுக்குப் போய் அறிவுரை சொல்லி, அபாய அறிகுறி இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்பினார், அங்கே கிடைக்கும் சிகிச்சையின் தரம் அவர் கையில் இல்லை. நிலா மேடம், உங்கள் தலைமுறை ஆய்வாளர்களுக்கு வேலை இருப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரு முறை பலன் தரும் என்று முதலில் காட்டுவது பாதி. எதை விட்டுவிட்டுக் கொண்டுபோனால் பலன் போய்விடும் என்று கண்டுபிடிப்பது மீதி, அதற்குப் பாராட்டு குறைவு, ஆனால் உயிர்கள் அதில்தான் இருக்கின்றன.

இரண்டாவது கேள்வி. நிறுவனமும் முக்கியம்தான். ஹால்ஃப்டன் மாலர் டென்மார்க் டாக்டர், 1950களில் இந்தியாவில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் காசநோய்த் திட்டத்தில் வேலை பார்த்தவர். ஒரே நோய்க்குத் தனிப்படை கட்டினால் எங்கே போய் முட்டும் என்பதைக் களத்தில் பார்த்தவர். 1973இல் அந்த நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார், 1978 செப்டம்பரில் அன்றைய சோவியத் யூனியனின் அல்மா ஆட்டா நகரில் 134 நாடுகள் கூடி 2000க்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்று அறிவித்தன. கிராம சுகாதாரப் பணியாளர், குடிநீர், உணவு, மக்கள் பங்கேற்பு எல்லாம் அதில் உண்டு.

அடுத்த வருடமே வால்ஷ், வாரன் என்ற இருவர், இவ்வளவையும் செய்யப் பணமில்லை, அதிக உயிரைக் குடிக்கிற, மலிவாகத் தடுக்கக்கூடிய சில நோய்களை மட்டும் முதலில் பிடிப்போம் என்று கட்டுரை எழுதினார்கள். யுனிசெஃப் அந்த வழியில் போனது: வளர்ச்சிக் கண்காணிப்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி. அல்மா ஆட்டாவைக் கொன்றுவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அப்படி ஒரேயடியாகச் சொல்ல மனமில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலின் பின்னால் 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில், மேற்கு வங்காளத்தின் பங்காவில், திலீப் மஹாலனபிஸ் செய்த வேலை இருக்கிறது. காலராவுக்கு ரத்தக்குழாய் வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் கரைசலைக் கலந்து குடும்பத்தார் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார், சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே போனது. அந்தக் கரைசலை உலகம் முழுக்க எடுத்துச் சென்ற திட்டத்தை எப்படி வீண் என்று சொல்வது? ஆனால் தடுப்பூசியும் கரைசலும் கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளை பெரியவனாகிச் சர்க்கரையோடு வரும்போது பார்க்க ஒரு நிலையமும் தெரிந்த முகமும் வேண்டும். அதை நோய் வாரியான திட்டம் தராது. அந்த வாதத்தில் நான் மாலர் பக்கம்.

அதை ஒரு பெரிய நாடு செய்து காட்டியது. பிரேசில் 1994இல் குடும்ப நலத் திட்டம் தொடங்கியது. ஒரு டாக்டர், ஒரு செவிலியர், உதவிச் செவிலியர், அந்தப் பகுதியிலேயே வசிக்கும் சில சமூகப் பணியாளர்கள், இவர்களுக்கு ஏறக்குறைய 1000 குடும்பங்கள் பொறுப்பு. வீட்டுக்கு வீடு மாதம் ஒருமுறையாவது யாராவது போக வேண்டும். மாசின்கோ (ஸ்டார்ஃபீல்டோடு வேலை செய்தார் என்று மேலே வந்தாரே, அவரேதான்) மாநில வாரியாகத் தரவை எடுத்து 2006இல் காட்டினார்: திட்டம் சென்றடைந்த மக்கள் 10 சதவீதம் கூடினால் சிசு மரணம் சுமார் 4.5 சதவீதம் குறைகிறது. ஆகவே அரசாங்கம் தொடங்கிய ஒன்றுக்குப் பக்கத்திலேயே நின்று அளந்துகொண்டிருப்பதும் உலக அளவிலான ஆராய்ச்சிதான், அதற்கு உலக சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனீவாவுக்குக் குடி போக வேண்டியதில்லை.

தரவு மேசை:

கொள்கை வாசகன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், தெரிந்த முகம் என்றாரே, அதற்கும் இப்போது எண் இருக்கிறது. நார்வேயில் ஏறக்குறைய எல்லாருக்கும் பெயர் குறித்த குடும்ப மருத்துவர் உண்டு. 2022இல் வந்த ஆய்வு 45 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தது. அதே மருத்துவரிடம் 15 வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு, ஒரு வருடம் மட்டும் இருப்பவர்களோடு ஒப்பிட்டால், அவசரமாக மருத்துவமனையில் சேர்வதும் இறப்பதும் 25 முதல் 30 சதவீதம் வரை குறைவு. பார்த்து எழுதிய ஆய்வுதான், குலுக்கல் முறைச் சோதனை இல்லை, நலமாக இருப்பவர்கள் டாக்டரை மாற்றாமல் இருக்கிறார்கள் என்பதும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் 2018இல் ஒன்பது நாடுகளின் 22 ஆய்வுகளைத் தொகுத்தபோது 18இல் இதே திசைதான். ஒரு மாத்திரை இப்படிப் பலன் தந்தால் அதை விற்க எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தொடர்ச்சியை விற்க யாரும் இல்லை, அதனால் ஆராய்ச்சியாளர்கள்தான் பேச வேண்டியிருக்கிறது.

குடும்ப டாக்டர்:

நிலா, நடைமுறைக்கு வருவோம், ஏனென்றால் பெரிய பெயர்களைப் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேற்படிப்பு குடும்ப மருத்துவமோ சமூக மருத்துவமோ எதுவானாலும் பரவாயில்லை, வாரத்தில் சில நாளாவது நோயாளி பார்ப்பதை விடாதீர்கள். கேள்விகள் அங்கிருந்துதான் வரும். நோய்ப்பரவலியலும் புள்ளியியலும் முறைப்படி கற்றுக்கொள்ளுங்கள், அதோடு ஆட்களிடம் உட்கார்ந்து பேசிப் புரிந்துகொள்ளும் ஆய்வு முறையையும், ஏனென்றால் மாத்திரை ஏன் சாப்பிடவில்லை என்பதற்கு எண்ணில் பதில் கிடைக்காது. பதிவு செய்யும்போது நோயின் பெயரை மட்டும் எழுதாமல் ஆள் எதற்காக வந்தார் என்பதையும் எழுதப் பழகுங்கள். உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பான வோன்கா 1987இல் வெளியிட்ட வகைப்பாடு இதற்காகவே உருவானது. தலைவலி என்று வந்தவர் தலைவலியாகவே முடியலாம், மூளைக் கட்டியாகவும் முடியலாம். எத்தனை பேர் எப்படி முடிகிறார்கள் என்பது தெரியாமல் இருப்பதால்தான் நாம் அளவுக்கு மீறி ஸ்கேன் எழுதுகிறோம்.

கஷ்டமும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுப் பணம் பெரும்பாலும் சில வருடத்துக்குத்தான் வரும். ஆரம்ப சுகாதாரத்தில் பலன் தெரியப் பத்து, இருபது வருடம் ஆகும். இந்த இடைவெளியில் நிறையப் பேர் துறையை விட்டுப் போயிருக்கிறார்கள். தாக்குப்பிடித்தவர்கள் நீண்ட காலப் பதிவேடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து சின்னச் சின்னக் கேள்விகளுக்கு அவ்வப்போது பணம் வாங்கிச் செய்தவர்கள். டியூடர் ஹார்ட்டும் அப்படித்தான். ரத்த அழுத்தத்துக்காகத் தொடங்கிய அதே பதிவேடும் அதே ஊர் மக்களும் பிறகு கிரகாம் வாட் செய்த உப்புக் குறைப்பு ஆய்வுக்குப் பயன்பட்டார்கள். ஊரே ஒத்துழைத்தது, காரணம் அந்த டாக்டர் இருபது வருடமாக அவர்களுக்குத் தெரிந்தவர்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அவர் ஆய்வு செய்த இடத்தில் ஆய்வு முடிந்த பிறகு என்ன மிச்சமிருக்கிறது என்று அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள்.

முதல் ஆய்வுக்கு ஒரு யோசனை. பயிற்சிக் காலம் முடிவதற்குள்ளேயே செய்துவிடலாம். ரத்த அழுத்தத்தில் பழைய பாதிப்பாதிக் கணக்கு ஒன்று உண்டு: உள்ளவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களில் பாதிப் பேர் சிகிச்சையில் இல்லை, சிகிச்சையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குக் கட்டுக்குள் இல்லை. உங்கள் நிலையத்தின் பொறுப்பில் உள்ள ஏதாவது இரண்டு தெருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநோயாளிப் பதிவேட்டில் தொடங்க வேண்டாம், வந்தவர்கள் மட்டும்தான் அதில் இருப்பார்கள். அந்தத் தெருக்களின் வீட்டுப் பட்டியலில் தொடங்குங்கள், செவிலி அக்கா சொன்ன மாதிரி அங்கே போய்வரும் பணியாளர்களோடு. பட்டியலில் இருந்தும் பதிவேட்டில் பெயரே இல்லாதவர்கள் யார், வயதென்ன, ஆணா பெண்ணா, எந்த நேரத்தில் வேலைக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். நெறிமுறைக் குழு அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். பிபி அதிகமாக இருப்பது தெரிந்தால் அவர்களை யார் பார்ப்பது, மருந்து இருக்கிறதா என்பதை உறுதி செய்யாமல் அளக்கத் தொடங்காதீர்கள்.

ஒரு பக்க வரைவு எழுதி இங்கே போடுங்கள். மாதிரி அளவைத் தரவு மேசை பார்க்கட்டும், வீட்டில் கேட்கிற கேள்விகளைச் செவிலி அம்மா பார்க்கட்டும். மீதியை நான் படித்துச் சொல்கிறேன்.